வௌக்குப் படம்

இடைவேளை மணி அடித்து விளக்குகளைப் போட்டதும் வள்ளி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கை சுடுற சீன் இன்னும் வர்லயே" என்றாள்.

"வரும் இரு. ரெண்டாவது பாதியில வரும்."

"புருசன்காரன் போன கப்பலே கவுந்து பூட்சே. செத்தவன் எப்படி வௌக்கக் குடுப்பான்?"

"கவுந்துச்சின்னு சேதிதானடி வந்துது. பொணத்தக் காட்டுனானா? திரும்பி வருவான். வந்தப்புறம்தான் அந்த சீன்."

எனக்கே அது சரியாகப்படவில்லை. ஆனாலும் முறுக்குக்காரனைக் கூப்பிட்டு இரண்டு முறுக்கு வாங்கி ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். வாயை மூடிவைக்க வேறு வழி தெரியவில்லை. திருப்பதியில் ஒரு கொட்டகையில் மேட்னி ஷோ அது. பெண்கள் பெஞ்சில் பாதிப் பேர் மொட்டை. மலையிலிருந்து இறங்கித் தலையில் சந்தனம் காய்வதற்குள் படம் பார்க்க வந்து உட்கார்ந்தவர்கள். எங்களுக்கு மறுநாள் காலையில் திருச்சானூரில் கல்யாணம். பெண் இவள், என் தங்கச்சி வள்ளி. மாப்பிள்ளை என் வீட்டுக்காரருக்குத் தம்பி, சிட்டிபாபு. அவனுடைய முதல் பெண்சாதி செங்கம்மா செத்து மூன்று வருசம் ஆகியிருந்தது. என் தங்கச்சியை அதே வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் வாய் திறந்தது நான்தான். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, பெண்டாட்டி செத்த பிறகும் வேறு நினைப்பில்லாமல் தறியோடு தறியாகக் கிடந்தவன். சிட்டிபாபு பேசினால் தறிச் சத்தத்தில் கேட்காது என்று நகரியில் எங்கள் தெருவே சொல்லும். அப்படி மெதுவாகப் பேசுகிறவனுக்குப் பெண் கொடுக்க யார் யோசிப்பார்கள்?

காலையில் ரயிலை விட்டு இறங்கி வந்தபோது சுவரில் அந்தப் படத்தின் தட்டியைப் பார்த்துவிட்டு நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். எழுத்து தெலுங்கில் இருந்தது. ஆனால் அதே பொம்பளை, அதே மண் அகல் விளக்கு. அந்தக் காலத்தில் ஒரே படத்தைத் தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று என்று எடுப்பார்கள். ஏழு வருசத்துக்கு முன்னால் நகரி கொட்டாயில் தமிழில் ஓடியதைத்தான் இங்கே இப்போது தெலுங்கில் மறுபடியும் போட்டிருந்தான். "வள்ளி, நம்ப வௌக்குப் படம்டி!" என்றேன். என் மாமியார் ரத்தினம்மா முகத்தைச் சுளித்தாள். அவள் ஆயுசில் ஒரு படம் பார்த்ததில்லை. நிழலைப் பார்க்கக் காசு கொடுப்பானேன் என்பாள். "கல்யாணப் பொண்ணு நாளைக்கு மணையில உக்காரணும், இன்னிக்கு சினிமா கேக்குதா?" என்றாள். சிட்டிபாபுதான் சமாதானம் செய்தான்.

"வுடும்மா. போய்ட்டு வரட்டும். அப்பால எங்க போவப்போறா."

எவ்வளவு நல்ல மனசு என்று அப்போது நினைத்தேன்.

அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அதில் ஒவ்வொரு வசனமும் எனக்குத் தெரியும். அது எப்படி என்று சொல்ல வேண்டும். ஆந்திரா தனியாகப் பிரிந்த வருசம், எங்கள் தெருவுக்குப் பின்னால் கொட்டாய் போட்டிருந்தார்கள். தட்டியைத் தமிழில் எழுதினால் ஒரு கூட்டம் வந்து கிழிக்கும், தெலுங்கில் எழுதினால் இன்னொரு கூட்டம் வந்து கிழிக்கும். கடைசியில் கொட்டாய்க்காரன் எழுத்தே இல்லாமல் பொம்மையை மட்டும் ஒட்டினான். அதனால்தான் எங்களுக்கு எந்தப் படத்துக்கும் பேர் தெரியாது. பாம்புப் படம், கப்பல் படம், குருட்டு ராஜா படம், வௌக்குப் படம் என்று நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். நானும் செங்கம்மாவும் ஓரகத்திகள். ஆனால் சேர்ந்து ஒரு படம் போனதில்லை. மாமியார் விடமாட்டாள். "ரெண்டு பேரும் ஜோடி போட்டுக்கினு கெளம்பினா தார் யாரு சுத்தறது? தறி பட்டினி கெடக்குமா?" என்பாள். ஆண்கள் நெய்ய நெய்ய, ஊடை நூலைக் குச்சியில் சுற்றித் தாராக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது பெண்கள் வேலை. ஆகவே ஒரு படத்துக்கு நான், அடுத்ததுக்குச் செங்கம்மா. போனவள் மறுநாள் ராட்டை முன்னால் உட்கார்ந்து இருந்தவளுக்குச் சொல்ல வேண்டும். அந்த வருசத்துப் படங்களில் பாதியைக் கண்ணால் பார்த்தேன், பாதியைக் காதால் பார்த்தேன்.

நான் சொன்னால் கதை சொல்வேன். செங்கம்மா கதை சொல்லமாட்டாள், பேசிக்காட்டுவாள். ராஜா வந்தால் ராஜா குரல், கள்ளன் வந்தால் கள்ளன் குரல். இத்தனைக்கும் அவளுக்குக் காது மந்தம். கொட்டாயில் ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியிலேயே போய் உட்காருவாளாம். "சினிமால எல்லாரும் கத்திக் கத்திப் பேசறாங்க அக்கா, எனக்கு சொகமா கீது" என்று சிரிப்பாள்.

வௌக்குப் படம் அவள் முறையில் வந்தது. மற்றப் படங்களை ஒரே பகலில் சொல்லி முடிப்பவள், இதை மட்டும் முடிக்கவே இல்லை. நான்கைந்து நாள் கழித்து, நூலை அறுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, "அன்னிக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்க்கா, அதுல இன்னொரு சீன் கீது" என்பாள். "எம்மாம் நீளப் படம்டி" என்று நான் ஆச்சரியப்படுவேன். அப்படி ஒரு நாள் சொன்னதுதான் அந்த சீன்.

"'புடி'ன்றான் அக்கா. உள்ளங்கையில வெச்சிட்டான், மண் அகலு. திரி எரியுது. 'எண்ண தீர்ற வரைக்கும் நில்லு. கை ஆடிச்சின்னா மறுபடியும் ஊத்துவேன்'ன்றான். கோவமா சொல்லல. காதாண்ட வந்து, கொழந்தைக்கு சொல்ற மாதிரி சொல்றான்."

"அவ இன்னா சொல்றா?"

"'இன்னிக்கு இன்னா தப்பு பண்ணேன்?'ன்றா."

"அவன்?"

"'தப்பு பண்ணாதான் நிக்கணுமா? நாளைக்குப் பண்ணுவ இல்ல, அதுக்கு'ன்றான்."

நான் ராட்டையை நிறுத்திவிட்டேன். "எவன்டி எழுதனான் இந்த வசனத்த! அவன் கைக்கு தங்கத்துல காப்பு போடணும்" என்றேன். செங்கம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள், இடது கையால். வலது கையில் துணி சுற்றியிருந்தது. பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சும்போது கொட்டிக்கொண்டாள் என்று மாமியார் சொல்லியிருந்தாள். நெசவு வீட்டில் கஞ்சி கொட்டாத கை உண்டா, நானும் அதைக் கேட்டு விட்டுவிட்டேன்.

அந்தப் போகியன்று வருசத்துப் படங்களுக்கெல்லாம் இடம் கொடுத்தோம். வெறும் தார்க்குச்சிகளில் படத்துக்கு ஒரு கலர் நூலைச் சுற்றி, நல்ல படம் முன்னால், மட்டம் பின்னால் என்று வரிசையாக வைப்போம். வௌக்குப் படத்துக்குச் சிவப்பு நூல். நான் அதைத் தூக்கி எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தேன். செங்கம்மா எடுத்து எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்தாள்.

"ஏன்டி?"

"அந்த சீன் நல்லா இல்லக்கா."

"போடி, அது இல்லன்னா படமே இல்ல."

மறுபடி முன்னால் வைத்தேன். அவள் விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுக்கிறவள்தான். எல்லாம் முடிந்து குச்சிகளைக் கூடையில் அள்ளும்போது மட்டும், "இத போகியில போட்டுடலாமா?" என்று சிவப்புக் குச்சியைக் காட்டிக் கேட்டாள். குச்சி வீணாகுமே என்று நான் பிடுங்கிக்கொண்டேன்.

மறு வருசம் தலைப்பிரசவத்துக்குத் திருத்தணியில் என் தாய்வீட்டுக்குப் போனபோது எல்லாப் படத்தையும் வள்ளிக்குச் சொன்னேன். பாவாடை கட்டிய வயசு அவளுக்கு. கொட்டாங்குச்சியை விளக்காக வைத்துக்கொண்டு சிநேகிதிகளோடு அந்த சீனை நடிப்பாள். எங்கள் வீட்டில் அது ஒரு வேடிக்கையாகவே போயிற்று. நைனா, எங்கள் அப்பா, அவள் தலையில் குட்டுவார், "நான் இன்னா பண்ணேன் நைனா?" என்று அவள் கேட்டால், "நாளைக்குப் பண்ணுவ இல்ல, அதுக்கு!" என்பார். கொல்லையில் மாடு கட்டுகிற ஆள் வரைக்கும் எல்லாரும் சிரிப்பார்கள்.

செங்கம்மா நகரிக்குப் பக்கத்தில் ஏகாம்பரகுப்பத்து ஸ்டேசனுக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தைத் தாண்டும்போது அடிபட்டாள். காது கேட்காதவள், வண்டி கூவினது தெரிந்திருக்காது என்றார்கள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அங்கே அவளுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

இந்தக் கல்யாணத்தை இப்படி அவசரமாக வைத்ததற்குக் காரணம் எங்கள் நைனா. எல்லைக் கணக்கு முடிந்து, ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து திருத்தணி மதராஸுக்கு, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே என்று ஆகிவிட்டது. "அதுக்கு மேல சம்பந்தம் பண்ண முடியாது. அரிசிக்கு பர்மிட்டு கேக்கறான், பொண்ணுக்குக் கேக்கமாட்டானா?" என்றார் நைனா. யார் சொல்லியும் கேட்கவில்லை. அந்தப் பயம் அவருக்கு மட்டும் இல்லை. அந்தப் பங்குனியில் எங்கள் பக்கம் எத்தனையோ பெண்களை அவசர அவசரமாக எல்லைக் கோட்டைத் தாண்டி அனுப்பினார்கள். வள்ளியைக் கேட்டதற்கு, "அக்கா இருக்கற வூடுதான" என்றாள். அவ்வளவுதான் அவள் சம்மதம்.

ரயிலில் வரும்போது தாம்பூலத்துக்கு வாங்கிய கொட்டைப்பாக்கை மடியில் பரப்பிவைத்து, அந்த வருசத்துப் படங்களை மறுபடி வரிசைப்படுத்த ஆரம்பித்தாள்.

"பாம்புப் படத்த ரெண்டாவதா வெச்சது தப்புக்கா. இப்ப நெனச்சா அதுல பாம்புதான் நல்லா நடிச்சிது, ஆளுங்க யாரும் நடிக்கல."

"நீ எங்கடி பாத்த?"

"நீ சொன்னியே. நீ சொன்னத வெச்சிதான் சொல்றேன். குருட்டு ராஜாவ மேல ஏத்து. அந்த ராணி பாவம், அவளும் கண்ணக் கட்டிக்கினு படி ஏறுவா இல்ல."

பாக்குகள் இடம் மாறின. கப்பல் படம் கடைசிக்குப் போனது. ஆனால் வௌக்குப் படத்துக்கு வைத்த முதல் பாக்கை அவள் தொடவில்லை. "இது மட்டும் இங்கயே" என்றாள்.

இடைவேளை முடிந்து விளக்கை அணைத்தான். கப்பல் கவிழ்ந்து போனவன், நான் சொன்னபடியே, திரும்பி வந்தான். வள்ளி என் கையைப் பிடித்தாள். இதோ, இப்போது என்று நானும் முன்னால் சாய்ந்தேன். அவன் தாடியோடு கோவில் படியேறுகிறான். அவள், புருசன் வருகிற வரைக்கும் அணையவிடுவதில்லை என்று நேர்ந்துகொண்டு காத்த விளக்கோடு நிற்கிறாள். அவன் கிட்டே வருகிறான். அவள் கையிலிருந்து விளக்கை வாங்குகிறான். "இக சாலு" என்கிறான். போதும் இனிமேல் என்று அர்த்தம். வாங்கிக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். மொட்டைத்தலைப் பெண்கள் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். அதற்கப்புறம் ஒரு பாட்டு, ஒரு குழந்தை, சுபம்.

திரை போட்ட பிறகும் வள்ளி எழுந்திருக்கவில்லை.

"வர்லக்கா."

"தெலுங்குல வெட்டியிருப்பான். தமிழ்ல இருந்திருக்கும்" என்றேன்.

"வெட்டறதுக்கு எங்கக்கா எடம்? அந்தாளு மொதல்லேந்து கடைசி வரைக்கும் ஒரு அதட்டல் போட்டானா? நல்லவன்க்கா அவன்."

"தமிழ்ப் படத்துல வேற மாதிரி எடுத்திருப்பான்."

நான் சொல்வதை நானே பிடித்துக்கொண்டு தொங்குவது எனக்குத் தெரிந்தது.

திருச்சானூருக்கு ஜட்கா பிடித்தோம். வழியெல்லாம் வெயில் சாய்ந்து தோப்புகளுக்குள் விழுந்துகொண்டிருந்தது. வண்டிக்காரன் தெலுங்கில் குதிரையைத் திட்டிக்கொண்டே வந்தான். வள்ளி மடியில் பாக்கு முடிச்சைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, செங்கம்மா அக்கா கைய நீ பாத்திருக்கியா?"

"எப்ப?"

"எப்பன்னா. அவங்க கூட அத்தினி வருசம் இருந்த இல்ல."

பார்த்திருக்கிறேன். கடைசியாகக் குளிப்பாட்டியபோது பார்த்தேன். ரயில் வண்டி ஏறிய உடம்பு. முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால் கையையே பார்த்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன். இரண்டு உள்ளங்கையிலும் நடுவில், ரூபாய் வட்டத்தில், தோல் வழுவழுவென்று இருந்தது. மஞ்சள் அங்கே மட்டும் ஒட்டவில்லை. அதைச் சொன்னேன்.

வள்ளி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "கஞ்சி பொறங்கையிலதான தெறிக்கும்" என்றாள். "உள்ளங்கையில எப்படி கொட்டும்? கைய ஏந்திக்கினு நின்னாதான் கொட்டும்."

"அவசரப்பட்டுப் பேசாத. அவன நான் எத்தினி வருசமா பாக்கறேன். ஒரு வார்த்த அதிர்ந்து பேசினது கெடையாது."

"அந்த சீன்லயும் அவன் அதிர்ந்து பேசல. காதாண்ட வந்து பேசினான்னுதான செங்கம்மா அக்கா சொல்லிச்சி." அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, கொட்டாயில ஸ்பீக்கர் பொட்டிக்கு அடியில உக்காந்தாதான் அவங்களுக்குக் காது கேக்கும். காதாண்ட மெள்ள சொன்னது அவங்களுக்கு எப்படிக் கேட்டுச்சி?"

செங்கம்மாவின் காதுக்குப் பக்கத்திலேயே வந்து சொன்னதனால்தான் கேட்டது. திரையில் சொல்லவில்லை.

வள்ளி ஒவ்வொரு பாக்காக வரிசையில் வைத்தாள். குருட்டு ராஜா, பாம்பு, மற்றது எல்லாம். எல்லாவற்றையும் ஒரு இடம் பின்னால் தள்ளினாள். முன்னால் ஒரு பாக்கு அளவுக்கு வெறும் இடம் விட்டாள்.

"அங்க எத வெக்கப்போற?" என்றேன்.

"ஒண்ணும் வெக்கமாட்டேன் அக்கா. அது யாரும் எடுக்காத படம்."

வண்டி குலுங்கி எல்லாப் பாக்கும் அவள் மடியில் ஒன்றாகச் சேர்ந்துபோயின.

சத்திரத்தில் பின்கட்டில் சமையல்காரரோடு நைனா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் தாமோதரன் மேளக்காரரைப் பார்க்கப் போயிருந்தார். எங்களுக்கு விட்டிருந்த அறையில் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்கு விரல் நடுங்கும். ஒரு காம்பைக் கிள்ள நாலு முறை பிடிக்க வேண்டும்; இந்த இரண்டு வருசமாக ஒரு சொம்பு தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுவர அவளால் முடியாது. சிட்டிபாபு நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தான். கையில் வாழை இலையில் மடித்த மல்லிகை.

"படம் நல்லா இருந்துதா அண்ணி?" என்றான். "ரெண்டு பேரும் மூஞ்சத் தொங்கப்போட்டுக்கினு வர்றீங்க?"

பூவை வள்ளிக்கு நேராக நீட்டினான். வள்ளி வாங்காமல் என்னைப் பார்த்தாள். நான் இலையை வாங்கிக் கீழே வைத்தேன். பிறகு உட்கார்ந்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாய் மட்டும் பேச ஆரம்பித்தது.

"நல்ல படம்தான் தம்பி. ஒரு சீன வெட்டிட்டானுங்க, அதான் வள்ளிக்குக் கோவம்."

"அப்படி இன்னா சீனு?"

"நீங்க படம் பாக்கறவரா இருந்தா தெரியும்."

"எனக்கு ஏது அண்ணி அதெல்லாம். கொட்டாய்ப் பக்கமே போனதில்லயே."

"பொண்டாட்டி கையில வௌக்க வெச்சி நிக்க வெப்பான் புருசன்" என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "எண்ண தீர்ற வரைக்கும் நிக்கணும். கை ஆடினா மறுபடியும் ஊத்துவான். அவ கேப்பா, 'இன்னிக்கு இன்னா தப்பு பண்ணேன்?'னு. அதுக்கு அவன் 'தப்பு பண்ணாதான் நிக்கணுமா?'ன்னு கேட்டுட்டு ஒண்ணு சொல்லுவான் பாருங்க... அய்ய, நாக்குல நிக்குது, வரமாட்டேங்குது."

நான் சிட்டிபாபுவின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகம் மாறவில்லை. நிலைப்படியில் பெயர்ந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"'நாளைக்குப் பண்ணுவ இல்ல, அதுக்கு.'"

சொன்னது மாமியார்.

தலையைத் தூக்கவில்லை. காம்பு கிள்ளுவதையும் நிறுத்தவில்லை. ரயில் எந்த ஸ்டேசனில் நிற்கும் என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த வெற்றிலையை எடுத்தாள். எடுத்த வெற்றிலையோடு கை நின்றது.

பின்கட்டில் நைனா, "பருப்புல உப்பே இல்லய்யா!" என்று கத்துவது கேட்டது.

"அத்த," என்றேன், "நீங்க எந்தக் கொட்டாயில பாத்தீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

"இன்னாம்மா?" என்றான், மெதுவாக.

"உங்க நைனா என்னாண்ட சொன்ன பேச்சுடா அது," என்றாள் அவள். "எனக்கு வாயில வந்துட்டுது." அவள் உதடு இன்னும் ஏதோ சொல்வதற்கு ஆடியது. "செவுரு ஒண்ணுதான. அந்தாண்ட பேசினா இந்தாண்ட கேக்கும். அவருது எது, உன்னுது எதுன்னு எனக்கு இப்பல்லாம் தெரியறதில்ல."

சிட்டிபாபு சுண்ணாம்பை ஊதித் தட்டிவிட்டு, "அம்மாவுக்கு வயசாய்ட்டுது அண்ணி. அலைச்சல் வேற. சீக்கிரம் படுக்கச் சொல்லுங்க" என்றான். வள்ளி பக்கம் திரும்பி, "பூவு வாடிடும்" என்றான். அங்கேயே நின்றான்.

"அக்கா, நைனாவக் கூப்புடு" என்றாள் வள்ளி.

நான் எழுந்து பின்கட்டு வாசலுக்குப் போய்க் கூப்பிட்டேன். "வரேன் இரு! விடிஞ்சா முகூர்த்தம், இன்னும் எல வர்ல, தேங்கா வர்ல! இன்னும் ரெண்டு நாளு போனா நம்ப ஒரு ராஜ்யம், அவங்க ஒரு ராஜ்யம், இப்ப வந்து இன்னாத்துக்கு நைனா நைனான்னுகினு!" என்று இருட்டத் தொடங்கிய அடுப்படிப் புகைக்குள்ளிருந்து பதில் வந்தது. "நைனா, இப்பவே வா" என்றேன். அந்தக் குரலில் நான் அவரைக் கூப்பிட்டதே இல்லை. கரண்டி ஒன்று கீழே விழுகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது மாமியார் எழுந்து நின்றிருந்தாள். விளக்கு வைக்கிற நேரம். பேச்சை எங்காவது கொண்டுபோய் இறக்கியாக வேண்டும் என்றோ, நேரம் தவறக்கூடாது என்ற பழக்கத்திலோ, மாடத்திலிருந்த மண் அகலை எடுத்து எண்ணெய் விட்டு ஏற்றியிருந்தாள். அதை உள்ளங்கையில் வைத்து வள்ளிக்கு நேராக நீட்டினாள்.

"கல்யாணப் பொண்ணு கையால அந்தி வௌக்கு வெக்கணும். வா. புடி."

வள்ளி இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். மடியிலிருந்த பாக்குகள் ஒவ்வொன்றாக விழுந்து உருண்டு போயின. ஒன்று சிட்டிபாபுவின் கால் பக்கத்தில் போய் நின்றது.

"புடிம்மா" என்றாள் மாமியார் மறுபடியும்.

யாரும் வாங்கவில்லை. பின்கட்டில் நைனாவின் செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. மாமியார் நீட்டிய கையை மடக்கவும் இல்லை, விளக்கைக் கீழே வைக்கவும் இல்லை. வைக்கச் சொல்லி யாராவது சொல்லட்டும் என்பதுபோல அப்படியே நின்றாள். அகலில் எண்ணெய் விளிம்பு தொட்டு நின்றது. ஒரு காம்பைக் கிள்ள நாலு முறை நடுங்குகிற கை. அது ஆடவே இல்லை. சுடர் கல்லில் செதுக்கி வைத்ததுபோல நிமிர்ந்து எரிந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.